வெள்ளிக்கிழமை மாலை மருந்து அறைக்கு வரும் பிள்ளைகளுக்கு

அன்புள்ள வாலிபர் ஐக்கியத் தம்பி தங்கைகளே,

சென்ற மாத மலையடிவார மருத்துவ முகாம் முடிந்து வேன் ஏறும்போது உங்களில் ஒரு தங்கை என் பக்கத்தில் வந்து நின்றாள். "அக்கா, அடுத்த தடவையாவது ஆளுங்களைப் பாக்குற வேலை குடுங்க. இந்தத் தடவையும் ரூமுக்குள்ள கவர் போட்டே போயிடுச்சு" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, ஏக்கமாகத்தான் சொன்னாள். பெட்டிகளை எண்ணி ஏற்றிக்கொண்டிருந்த அவசரத்தில் "பாக்கலாம்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பதில் எனக்கே போதவில்லை. வெள்ளிக்கிழமை மறுபடி வரப்போகிறீர்கள். வேறு சபைகளிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள், அவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். அதனால் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

முகாம் எப்போதும் இரண்டாம் சனிக்கிழமை. ஒரு இரண்டாம் சனிக்கும் அடுத்த இரண்டாம் சனிக்கும் நடுவில் எத்தனை நாள் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? சில மாதம் 28, சில மாதம் 35. மாதம் என்றால் 30 நாள் என்று நினைத்து 30 நாள் மாத்திரை கொடுத்தால், 35 நாள் வருகிற மாதத்தில் மலையடிவாரத்துச் சனம் கடைசி 5 நாள் மருந்தில்லாமல் இருப்பார்கள். சர்க்கரையும் பிரஷரும் அந்த 5 நாள் லீவு எடுத்துக்கொள்ளாது. காலையும் இரவும் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் 60 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 28 நாளுக்கு 3,360 மாத்திரை வேண்டும், 35 நாளுக்கு 4,200. இந்த 840 மாத்திரை வித்தியாசத்தை யாராவது காலண்டரைப் பார்த்து முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். முகாமுக்கு இரண்டு வாரம் முன்னால், பழைய பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு நான் செய்கிற முதல் வேலை அதுதான். போன முறை யார் யார் வந்தார்கள், யாருக்கு டாக்டர் அளவைக் கூட்டினார், யார் இரண்டு மாதமாக வரவில்லை என்று பெயர் பெயராகப் பார்ப்பேன். வெள்ளிக்கிழமை நீங்கள் வரும்போது மேஜைமேல் மாத்திரைதான் இருக்கும். ஆனால் அந்த ஆட்கள் எல்லோரும் அதற்கு முன்பே இந்த அறைக்குள் வந்து போயிருப்பார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் மிஷன் ஆஸ்பத்திரியில் ஓய்வுபெறும் வயதில் ஒரு கம்பவுண்டர் ஐயா இருந்தார். அவர் காலத்தில் மாத்திரையைவிட மிக்ஸ்சர்தான் அதிகம். வயிற்றுப் பொருமலுக்கு ஒன்று, நீர்க்கடுப்புக்கு ஒன்று, இருமலுக்கு ஒன்று என்று பெரிய ஜாடிகளில் கலக்கி வைத்திருப்பார்கள். நோயாளிகள் வீட்டிலிருந்தே பாட்டில் கொண்டு வருவார்கள். அதைக் கழுவி, மருந்தை ஊற்றி, பக்கவாட்டில் ஒரு காகிதத்தை ஒட்டித் தருவார்கள். அந்தக் காகிதத்தின் ஓரம் படிப்படியாக வெட்டியிருக்கும். ஒரு வேளைக்கு ஒரு படி. எழுத்தே தெரியாதவருக்கும், மருந்து எந்தப் படிவரை இறங்க வேண்டும் என்று கண்ணால் பார்த்தே தெரியும். ஐயா ஓய்வு நேரத்தில் அந்தக் காகிதங்களை மடித்து மடித்துக் கத்தரிப்பார். "மருந்து கலக்க யார் வேணா கத்துக்கலாம், இதை ஒழுங்கா வெட்டணும்" என்பார். அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

1900-இல் வேலூரில் அப்பாவின் பங்களாவில் ஒரு சின்ன அறையில் வைத்தியம் தொடங்கிய ஐடா ஸ்கடரைப் பற்றி ஞாயிறு பள்ளியிலேயே கேட்டிருப்பீர்கள். பின்னாளில் அவர் குடியாத்தம் சாலையில் வண்டியை அங்கங்கே நிறுத்தி, மரத்தடியில் காத்திருந்தவர்களுக்கு மருந்து கொடுத்துக்கொண்டே போனார். அந்தச் சாலையோரப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் மருந்துப் பெட்டியைத்தான் தேடும். முந்தின நாள் இரவு யாரோ அந்தக் களிம்புகளை இழைத்திருக்க வேண்டும், யாரோ பாட்டில்களுக்குத் தக்கை அடைத்திருக்க வேண்டும். அவர்கள் படத்தில் இல்லை. அவர்களை அடுத்துத்தான் நாம் வருகிறோம்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். 1847-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து மானிப்பாயில் மிஷன் வைத்தியசாலை நடத்திய அமெரிக்கர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். 60-க்கும் மேற்பட்டவர்களை வைத்தியர்களாகப் பயிற்றினார். 1860-களில் பாடத்தையே தமிழுக்கு மாற்றினார். உடற்கூறு, ரண வைத்தியம், ரசாயனம் என்று பெரிய பெரிய நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார், அதற்காகக் கலைச்சொற்களை உண்டாக்கினார். வைத்தியம் ஊருக்குள் நிலைக்க வேண்டுமானால் அது ஊர்ப் பேச்சில் இருக்க வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. நம் மேஜைமேல் இருக்கிற பழுப்புக் கவரை எடுத்து அதில் தமிழில் எழுதும்போது, நான் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

கவர் என்றதும் நீங்கள் சலித்துக்கொள்கிறீர்கள். அதனால் கவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வொரு கவரிலும் மூன்று படம் அச்சடித்திருக்கிறோம்: மலைக்கு மேல் எழும்புகிற சூரியன், உச்சிச் சூரியன், நிலா. எந்த வேளைக்கு எத்தனை மாத்திரையோ, அந்தப் படத்துக்குக் கீழே அத்தனை வட்டம் போட வேண்டும். "1-0-1" என்று எண்ணால் எழுதுவது உங்களுக்கு எளிது. நம் பாட்டிகளில் பலருக்கு அது பஸ் நம்பர் மாதிரிதான் தெரியும். வட்டம் போடும்போது பால்பாயிண்ட் பேனாதான், இங்க் பேனாவோ ஸ்கெட்ச்சோ வேண்டாம். ஏனென்றால் இந்தக் கவர் அலமாரிக்குப் போகாது. சுருக்குப் பைக்குள் போகும், இடுப்பில் ஏறும். களை பறிக்கும்போது வேர்வையில் நனையும். சில வீடுகளில் கூரை ஓலைக்குள் செருகி வைப்பார்கள். மை கரைந்துவிட்டால் அதற்குப் பிறகு அது வெறும் காகிதம்.

"சாப்பாட்டுக்குப் பின்" என்று எழுதுகிறோமே, அந்த இரண்டு சொல்லுக்குள் எவ்வளவு இருக்கிறது தெரியுமா? நூறு நாள் வேலைக்குப் போகிற அக்கா விடியலில் ஒரு கிளாஸ் டீ குடித்துவிட்டுக் கிளம்புவாள். பத்து பதினொரு மணிக்கு வேலை நடக்கிற இடத்தில் தூக்குவாளியைத் திறப்பாள். அதுதான் அவளுக்குக் காலைச் சாப்பாடு. டீயோடு சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெயிலில் மண் சுமந்தால் என்ன ஆகும்? அவளுடைய கவரில் "வேலை இடத்தில், கஞ்சி குடித்ததும்" என்று எழுத வேண்டும். கார்த்திகையில் மாலை போட்டு ஒரு வேளை உண்கிறவர்கள், ரம்ஜானில் நோன்பு வைக்கிறவர்கள், நம் ஜனத்திலேயே லெந்து நாட்களில் மதியம்வரை வெறும் வயிற்றோடு இருக்கிறவர்கள் எல்லோருக்கும் டாக்டர் நேரத்தை மாற்றிக் கொடுத்திருப்பார். சீட்டில் அது சின்னக் குறிப்பாகத்தான் இருக்கும். அதைக் கவனித்துக் கவருக்குக் கொண்டுவருவது உங்கள் கை.

ஒரு படத்தாலும் ஒரு அட்டையாலும் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்குத் தொழுநோயைச் சொல்வேன். இந்தப் பகுதியில் மிஷன் ஆஸ்பத்திரிகள் பல அந்த நோயோடுதான் அதிகம் மல்லுக்கட்டின. கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு காலத்தில் நீரடிமுத்து எண்ணெயைத்தான் ஊசியாகப் போட்டார்கள், வலி உயிர் போகும். பிறகு டாப்ஸோன் வந்தது. 1981-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது. அந்த மருந்துகள் 28 நாளுக்கான ஒரே அட்டையில், நாள்வாரியாக அடைத்து வந்தன. மாதத்தில் ஒரு நாள் சுகாதாரப் பணியாளர் முன்னால் விழுங்க வேண்டியது ஒரு பக்கம், தினமும் வீட்டில் சாப்பிட வேண்டியது இன்னொரு பக்கம். எந்த நாள் தவறியது என்பது அட்டையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதில் ஒரு மருந்து, குளோஃபாசிமின், தோலைக் கருக்க வைக்கும். இன்னொன்று, ரிஃபாம்பிசின், சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் ரத்தம் போகிறது என்று பயந்து நிறுத்திவிடுவார்கள். மருந்து நல்லதாக இருப்பது மட்டும் போதாது, அதை அடைத்த விதமும் கூடவே சொல்லி அனுப்பிய வார்த்தையும் சேர்ந்துதான் ஆட்களைச் சுகமாக்கியது.

இனி, எண்ணும் வேலை. மேஜைமேல் ஒரு நேரத்தில் ஒரே மருந்துதான் இருக்க வேண்டும் என்று நான் கண்டிப்பாக இருப்பது உங்களில் சிலருக்கு அலுப்பாக இருக்கிறது. "ரெண்டு டப்பாவையும் எடுத்துட்டா சீக்கிரம் முடியுமே அக்கா" என்று ஒரு தம்பி சொன்னார். ஏன் கூடாது என்பதை, நான் யாரிடமும் அதிகம் சொல்லாத ஒரு காரியத்தைச் சொல்லித்தான் விளக்க முடியும்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். முகாமுக்கு முந்தின இரவு, மின்சாரம் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. பிரஷருக்கான அம்லோடிபினும் சர்க்கரைக்கான கிளிபென்கிளமைடும் இரண்டு தட்டுகளில் என் முன்னால் இருந்தன. இரண்டும் சின்னது, இரண்டும் வெள்ளை. யாருடனோ பேசிக்கொண்டே கவர் போட்டேன். நான்காம் நாள் காலையில் ஒரு பெரியவரை டிவிஎஸ் வண்டியில் நடுவில் உட்கார வைத்துத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். அவருக்குச் சர்க்கரை நோயே கிடையாது. பிரஷர் கவருக்குள் சர்க்கரை மாத்திரை இருந்திருக்கிறது. விடியற்காலையில் உடம்பெல்லாம் வேர்த்து, பேச்சுக் குழறி விழுந்திருக்கிறார். பேத்தி என்னவோ தோன்றி வெல்லம் போட்ட காப்பியை வாயில் விட்டிருக்கிறாள். அதுதான் அவரை ஆஸ்பத்திரி வரை கொண்டுவந்தது. குளுக்கோஸ் ஏற்றி, அந்த மாத்திரை உடம்பைவிட்டுப் போகும்வரை இரண்டு நாள் வைத்துப் பார்த்தோம். பிழைத்துக்கொண்டார்.

அவரை வீட்டுக்கு அனுப்பிய மறுநாள் நான் அங்கே போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அந்தப் பேத்தி, பத்து வயது இருக்கும், கவரை எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டினாள். "அக்கா, நான் சரியாத்தான் படிச்சேன். பிரஷர்னுதான் போட்டிருக்கு பாருங்க" என்றாள். தாத்தாவுக்கு எழுத்து தெரியாது. தினமும் படித்துச் சொன்னது அவள்தான். தான் தப்பாகப் படித்துவிட்டோமோ என்று நான்கு நாளாக அந்தப் பிள்ளை மனதுக்குள் வெந்துகொண்டிருந்திருக்கிறாள். "நீ சரியாத்தான் படிச்சே கண்ணு, நான்தான் தப்பாப் போட்டேன்" என்று அவள் அம்மா முன்னாலேயே சொன்னேன். வேறு என்ன சொல்ல?

அன்றிலிருந்துதான் ஒரு நேரம் ஒரு மருந்து. ஒருவர் எண்ணினால் இன்னொருவர் கவருக்குள் பார்த்து ஒட்ட வேண்டும். ஐந்தைந்தாகத் தட்டில் தள்ளி எண்ண வேண்டும், கையால் தொடக் கூடாது. மெட்ஃபார்மினும் மெட்ரோனிடசோலும் ஒரே அலமாரித் தட்டில் இருக்கக் கூடாது. ஃபோன் வெளியே பெட்டிக்குள். எண்ணும்போது பேச்சு கிடையாது, பாட்டு வேண்டுமானால் எண்ணி முடித்த பிறகு சேர்ந்து பாடுவோம். கடைசியில் ஒவ்வொரு கவரையும் நான் ஒரு முறை திறந்து பார்ப்பேன். உங்களை நம்பவில்லை என்று நினைக்க வேண்டாம். 1948-ஆம் வருஷத்து மருந்தாளுநர் சட்டப்படி பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் மருந்தைக் கையில் கொடுக்க முடியும். நீங்கள் உதவுகிறீர்கள், பொறுப்பு என்னுடையது. அந்த இரவை நினைத்தால், அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் நான் திறந்துதான் பார்ப்பேன்.

அட்டை வெட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாத்திரை அட்டையில் காலாவதித் தேதியும் தொகுதி எண்ணும் பெரும்பாலும் ஒரு ஓரத்தில்தான் இருக்கும். எப்போதும் மறு ஓரத்திலிருந்து வெட்டுங்கள். தேதி உள்ள துண்டு கடைசிவரை அட்டையோடு இருக்க வேண்டும். சென்ற முறை தேதியே இல்லாமல் ஏழெட்டுத் துண்டுகள் மிஞ்சின. நல்ல மருந்துதான், ஆனாலும் ஒதுக்கிவிட்டேன்.

இது என்னை, சொல்லத் தயங்கிய இன்னொரு காரியத்துக்குக் கொண்டுவருகிறது. சென்ற மாதம் உங்கள் சபையார் வீடு வீடாகச் சேகரித்த மருந்தை இரண்டு அட்டைப்பெட்டி நிறையக் கொண்டுவந்தீர்கள். அதன்மேல் "அன்புடன்" என்று எழுதியிருந்தது. அந்த அன்பை நான் மதிக்கிறேன், அதனால்தான் உண்மையைச் சொல்கிறேன். நாங்கள் இரண்டு பேர் இரண்டு இரவு உட்கார்ந்து பிரித்தோம். பாதி குடித்த இருமல் சிரப். தேதி கிழிந்த அட்டைகள். யாரோ இறந்துபோன பிறகு அவர் தலையணைக்கடியிலிருந்து எடுத்த இதய மருந்து. குளிர்ப்பெட்டியில் இருக்க வேண்டிய இன்சுலின், வெயிலில் வந்த கோலத்தில். கடைசியில் எங்கள் அலமாரிக்குப் போனது ஒரு சின்ன டப்பா. மற்றதைக் குப்பையில் கொட்டவும் முடியாது, குழி தோண்டிப் புதைக்கவும் முடியாது. மருத்துவக் கழிவு விதிகளின்படி மஞ்சள் பையில் கட்டி எரிக்க அனுப்ப வேண்டும், அதற்கும் எடை பார்த்துப் பணம் கட்ட வேண்டும்.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததில்லை. 1988-இல் ஆர்மீனியாவில் பூகம்பம் வந்தபோது உலகமெங்குமிருந்து சுமார் 5,000 டன் மருந்தும் மருத்துவப் பொருளும் போய்ச் சேர்ந்தன. அவற்றைப் பிரித்து அடுக்க 50 பேருக்கு 6 மாதம் ஆனது. இன்னது என்று எளிதில் அடையாளம் காண முடிந்தது 30 விழுக்காடுதான். போஸ்னியப் போரின்போதும் அப்படித்தான், அங்கே குவிந்த உதவாத மருந்து 17,000 டன் என்று கணக்கிட்டார்கள். இதையெல்லாம் பார்த்துத்தான் 1996-இல் உலக சுகாதார நிறுவனம் மருந்துக் கொடைக்கு நெறிமுறை வகுத்தது. நோயாளிக்குக் கொடுத்துத் திரும்ப வந்த மருந்தைக் கொடையாக அனுப்பக் கூடாது, போய்ச் சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஒரு வருஷம் இருக்க வேண்டும், எது வேண்டுமென்று வாங்குகிறவர்களைக் கேட்டுவிட்டு அனுப்ப வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. நம் வீட்டில் எதைக் கொடுக்கத் தயங்குவோமோ, அதை மலையடிவாரத்துப் பாட்டிக்குக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை என்பதுதான் என் மனதில் பட்டது. அடுத்த முறை அந்த உழைப்பைப் பணக் காணிக்கையாகத் தாருங்கள். மொத்தக் கொள்முதலில் மருந்து எவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது என்று பில்லைக் காட்டுகிறேன், ஆச்சரியப்படுவீர்கள்.

மொத்தமாக வாங்கும்போதும் ஒரு சிக்கல் உண்டு. கம்பெனி மாறினால் மாத்திரையின் உருவம் மாறிவிடும். நம் சனம் மருந்தைப் பெயரால் அறிவதில்லை. "வெள்ளை நீட்டு மாத்திரை", "ரோஸ் கலர் உருண்டை" என்றுதான் அறிவார்கள். புதிய உருவத்தைப் பார்த்ததும் சிலர் இது வேறு மருந்து என்று பழையதையும் சேர்த்துச் சாப்பிடுவார்கள், சிலர் இரண்டையும் விட்டுவிடுவார்கள். இந்த மாதம் அம்லோடிபின் வேறு கம்பெனி. அந்தக் கவர்களில் எல்லாம் "பழைய பிரஷர் மாத்திரைதான், உருவம் மட்டும் மாறியிருக்கு" என்று தனித்தாள் ஒட்ட வேண்டும். கையெழுத்து அழகாக உள்ளவர்கள் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற உப்புச் சர்க்கரைப் பொட்டலமும் அப்படித்தான். ஒரு பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு என்று அதன்மேலேயே போட்டிருக்கிறது. லிட்டர் அளவு எந்த வீட்டில் இருக்கிறது? சொம்பில் கரைத்தால் உப்பு அதிகமாகிக் குழந்தைக்கு ஆபத்து. காலியான ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவாருங்கள், பொட்டலத்தோடு பாட்டிலையும் சேர்த்தே கொடுத்துவிடலாம். வீட்டிலிருந்து நீங்கள் கொண்டுவரக்கூடியதில் எனக்கு உண்மையிலேயே வேண்டியது அதுதான்.

நான்கு மணிக்கு வந்துவிடுங்கள், சாப்பிட்டுவிட்டு வாருங்கள். நகம் வெட்டி, மோதிரம் கழற்றி, முடியைக் கட்டிக்கொண்டு வாருங்கள். பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்கள் கண்டிப்பாக முன்பே சொல்லிவிடுங்கள், அந்த மேஜைக்கு உங்களை விட மாட்டேன். ஜெபித்துவிட்டுத் தொடங்குவோம். பெட்டி ஏற்றுவது இரவு ஒன்பது மணிக்கு. அவசர ஊசிமருந்துப் பை கடைசியாக ஏறி முதலில் இறங்க வேண்டும். இன்சுலின் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பொட்டலத்துக்கும் மருந்துக்கும் நடுவில் துணி இருக்க வேண்டும், உறைந்துபோன இன்சுலின் பிறகு எதற்கும் ஆகாது.

இப்போது அந்தத் தங்கைக்கு. சனிக்கிழமை நீ என்னோடு மருந்து கொடுக்கிற மேஜையில் நிற்கிறாய். நீ கவர் போட்ட பெயர்களாகப் பார்த்தே உன்னிடம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். மருந்தைக் கொடுக்கப்போவது நான். உன் வேலை, ஒவ்வொருவரும் போகும் முன் "எப்படி எப்படிச் சாப்பிடுவீங்க, எனக்குச் சொல்லுங்க பாட்டி" என்று கேட்டு, அவர்கள் சொல்வதை முழுக்கக் கேட்பது. தப்பாகச் சொன்னால் திருத்தாதே, என்னைக் கூப்பிடு.

அதற்கு முன், வெள்ளிக்கிழமை உங்கள் எல்லோருக்கும் முதல் வேலை ஒன்று வைத்திருக்கிறேன். சென்ற மாதம் திரும்பி வந்த பழைய கவர்களை ஒரு பையில் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒரு கவரில் நாள் தவறாமல் கரிக்கோடு இழுத்திருக்கிறார்கள், 28 கோடு. இன்னொன்றில் நிலாவுக்குக் கீழே இருந்த வட்டத்தைச் சுற்றி யாரோ ஒரு குழந்தை பூப்போட்டிருக்கிறது. ஒன்றில் பாதி மாத்திரை அப்படியே இருக்கிறது, ஏன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அந்தப் பாட்டி சனிக்கிழமை வருவார். கேட்க வேண்டும்.

அன்புடன்,
மருந்து அறை அக்கா